தம்பியின் கிதாருக்கு ஒரு பிக்கப்

பிப்ரவரி 7, செவ்வாய்

இன்று காது பரிசோதனைக்கு ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்துங்கள் என்றேன். நான் சத்தமே அனுப்பாதபோதும் அழுத்திக்கொண்டிருந்தார். இப்படிச் செய்கிறவர்கள் நிறையப் பேர். எப்படியாவது பாஸாகிவிட வேண்டும் என்கிற ஆசை. வெளியே வந்து, நல்லா இருக்காம்மா என்று கேட்டார். நான் அவருடைய மகளைப் பார்த்தேன். மகள் தரையைப் பார்த்தாள்.

சாயந்திரம் தம்பி போன் செய்தான். கிதாருக்கு ஒரு பிக்கப் வைக்க வேண்டுமாம். மரத்தின் அதிர்வைப் பிடித்து ஒயர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சின்னப் பொருள் அது. அவன் மனைவி நடத்தும் நடன வகுப்புக்கு அவன்தான் வாசிக்கிறான். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு இப்போது கேட்பதில்லையாம். "ஹால்ல புதுசா பலகை போட்டிருக்காங்கக்கா. பிள்ளைங்க மிதிச்சா இடி இடிக்குது. அதான்."

அந்தப் பலகை போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சரிடா, வைப்போம் என்றேன்.

நரம்பு வியாதி என்று டாக்டர் சொன்னது போன மழைக்காலத்தில்தான். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும், முதலில் கை, பிறகு மற்றதெல்லாம் என்றார். அன்று அவன் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி — எந்தக் கை முதலில்?

வலது கை.


பிப்ரவரி 11, சனி

வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற நீள ஹால். ஜன்னலோரம் அவன் நாற்காலி. பிள்ளைகள் மூன்று வரிசையாக நிற்கிறார்கள். அவன் மனைவி முன்னால் நின்று கால் வைத்துக் காட்டுகிறாள். தம்பி அவளை வீட்டிலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவான். கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

தம்பியின் வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிப் பள்ளமாகிவிட்டது. தூரத்திலிருந்தே தெரிகிறது. அந்தக் கட்டைவிரலால்தான் மேலே இருக்கிற தடித்த கம்பிகளைத் தட்ட வேண்டும். அந்தத் தட்டலில்தான் பிள்ளைகள் காலை இறக்க வேண்டும். தட்டுகிறான். விரல் போகிறது, சத்தம் வரவில்லை.

டீச்சர் வாயால் தாளம் சொல்கிறாள். முன்பெல்லாம் சொல்ல மாட்டாள். இன்று தொண்டை கிழியச் சொன்னாள். பிள்ளைகளெல்லாம் அவள் வாயையே பார்த்து ஆடின. ஜன்னல் பக்கம் ஒரு பிள்ளைகூடத் திரும்பவில்லை.

முடிந்ததும் என்னிடம் வந்து, "எப்படிக்கா, பலகைச் சத்தம் ஜாஸ்திதானே?" என்றான்.

ஆமாண்டா, ரொம்ப ஜாஸ்தி என்றேன்.


பிப்ரவரி 18, சனி

கிதார் கடை. கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் வியாதி என்று தெரிந்ததிலிருந்து தம்பியிடம் காது கேளாதவனிடம் பேசுவதுபோலக் கத்திப் பேசினார். காது நன்றாகக் கேட்கிறது, அதைப் பரிசோதித்தவள் நான்தான் என்று கடைசியில் சொல்ல வேண்டியதாயிற்று. சிரித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் கத்தினார்.

மூன்று வகை இருக்கிறதாம். ஒன்று, கிதாரின் வட்ட ஓட்டையில் குறுக்கே பொருத்துகிற காந்தப் பட்டை. அது கம்பியை மட்டும் கேட்கும். இன்னொன்று, கம்பிகள் ஏறி உட்கார்ந்திருக்கிற வெள்ளை எலும்புப் பட்டைக்கு அடியில் செருகுவது. மூன்றாவது, மாத்திரை அளவில் மூன்று வில்லைகள். கிதாரின் வயிற்றுக்குள் கையை விட்டு, அந்த எலும்புப் பட்டைக்கு நேர் கீழே பலகையில் ஒட்ட வேண்டும். அது மரத்தைக் கேட்கும்.

காந்தத்துக்கு மரத்தில் கை வைக்க வேண்டாம், இரண்டு திருகு போதும். அதையே முதலில் பார்க்கலாம் என்றான் தம்பி. கடைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்.

வரும் வழியில் கிதார்ப் பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன் என்றதற்கு முறைத்தான். இரண்டு தெரு தாண்டி, அவனே பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பு வாரைச் சரி செய்வதுபோலக் குனிந்தான். திரும்ப வாங்கவில்லை.


பிப்ரவரி 22

காந்தம் சரிப்படவில்லை. சத்தம் வருகிறது, கிதார் வரவில்லை. துணி காயப்போடுகிற கம்பியைத் தட்டின மாதிரி இருக்கு என்கிறான். டீச்சர் சமையலறையிலிருந்து, யார் வீட்டு வேலியையோ தட்டறாங்கன்னு நெனச்சேன் என்றாள். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததைப் பார்த்தேன்.


மார்ச் 1, புதன்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

காந்தத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் வழியில் ஹாலுக்குப் போனேன். தம்பிக்குப் புதன்கிழமை பிசியோதெரபி, வகுப்புக்கு வர மாட்டான். அன்றைக்குப் பாட்டில்லாமல், தாளம் எண்ணித்தான் கால் பழக்குவதாக டீச்சர் சொல்லியிருந்தாள். மாடிப்படி ஏறும்போதே சத்தம். டிரம், வயலின், ஒரு கூட்டமே வாசிக்கிறது. மேலே போனால், அவன் நாற்காலிமேல் ஒரு ஸ்பீக்கர். அவன் நாற்காலிமேல்! பிள்ளைகள் குதித்துக் குதித்து ஆடுகிறார்கள். டீச்சர் வாயைத் திறக்கவே இல்லை. திறக்க வேண்டிய தேவையே இல்லை.

என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினாள். வெளியே படிக்கட்டுக்கு வந்தாள்.

"அண்ணி, அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

எத்தனை நாளா இது என்று கேட்டேன். மே மாதம் பிள்ளைகளின் ஆண்டு நிகழ்ச்சி இருக்கிறது, அதற்குப் பழக்கணும் என்று ஏதோ சொன்னாள். நான் கேட்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

அவன் அங்கே கையை மடக்கி நீட்டிக் கஷ்டப்படுறான். இவ இங்க... அந்த மனுஷன் இன்னும் இருக்கான்மா. இருக்கும்போதே நாற்காலிய எடுத்துட்டியா நீ?


மார்ச் 2

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அவளும் என்ன செய்வாள்? பிள்ளைகளைப் பெற்றவர்கள் பார்க்க வருவார்கள். ஆட்டம் வர வேண்டும்.

இருந்தாலும் மனசு ஆறவில்லை. ஸ்பீக்கரைத் தரையில் வைத்திருக்கலாமே. தரையில்.


மார்ச் 11, சனி

மறுபடியும் கடை. இந்தத் தடவை டீச்சரும் வந்தாள். எனக்கும் அவளுக்கும் பேச்சு, தண்ணி வேணுமா, வேணாம் என்கிற அளவில்.

கடையில் மற்ற இரண்டு வகையும் பொருத்திய கிதார்கள் இருந்தன. முதலில் எலும்புப் பட்டைக்கு அடியில் வைக்கிற வகை. தம்பி மெதுவாகத் தொட்டதற்கே கடை முழுக்கக் கேட்டது. சுத்தமான சத்தம். கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. பழைய வாசிப்பு மாதிரியே இருக்கிறது என்று கடைக்காரர் கத்தினார்.

அப்புறம் வில்லைகள் ஒட்டிய கிதார். அவன் அதை மடியில் வைத்ததுமே ஸ்பீக்கரில் சட்டை உரசுகிற சத்தம். ஆரம்பிக்கும் முன் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பான், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், அதுவும் கேட்டது. வாசித்தான். கிதாரின் சத்தம் — நிஜமான மரத்தின் சத்தம், நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல. கூடவே, கட்டைவிரல் கம்பியைத் தேடுகிற சத்தம். தொடுகிறது, வழுக்குகிறது, மறுபடி தொடுகிறது, அப்புறம்தான் தட்டுகிறது. இவ்வளவு தடுமாறுகிறான் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவனுக்கும் தெரியாதென்று நினைக்கிறேன். பாதியில் கையை எடுத்துவிட்டான்.

முதலில் பார்த்ததே போதும் என்றான். அதுதான் சரி, அது எல்லாவற்றையும் மூடிவிடும் என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன்.

டீச்சர் மட்டும், "இதுதான் வேணும்" என்றாள். வில்லையைக் காட்டி.

தம்பி சத்தமே இல்லாமல் கேட்டான். "என் கை நடுங்கறது ஊருக்கெல்லாம் கேக்கணுமா?"

"ஊருக்கு வேணாம். எனக்குக் கேக்கணும்."

கடைக்காரர் துணியை எடுத்துத் துடைத்த கிதாரையே துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வாங்காமல் வந்தோம். பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று வரிசையில்.


மார்ச் 15, புதன்

அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வகுப்பில் படிக்கிற ஒரு வாண்டு அவனை மளிகைக் கடையில் பார்த்து, அங்கிள், சனிக்கிழமையும் புதன்கிழமை பாட்டையே போடச் சொல்லுங்க, அதுதான் நல்லா இருக்கு என்றதாம். அவன் சரி, சொல்றேன் என்றானாம். வீட்டுக்கு வந்து சண்டை போடவில்லை. கிதாரைப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். காலால் தள்ளினானாம்.

டீச்சர் போன் செய்து, நான்தான் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக் கேட்டாள். "ஏன் அண்ணி?" என்றாள், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை என்றேன். நம்பினாளா தெரியவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

சொல்லியிருந்தால்கூட தப்பில்லை என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.


மார்ச் 19

போன் எடுக்க மாட்டேன் என்கிறான்.


மார்ச் 21

எடுத்தான். நல்லா இருக்கேன்க்கா, சாப்பிட்டேன்க்கா, வைக்கட்டுமாக்கா.


மார்ச் 26, ஞாயிறு

டீச்சர் என் வீட்டுக்கு வந்தாள். தனியாக அவள் வந்தது இதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் கதவுப் பக்கமே நின்றாள். வா என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. டீ போட்டேன். அது ஆறிக்கொண்டிருந்தது, அவள் தொடவில்லை.

நான்தான் ஆரம்பித்தேன். அவன் நாற்காலியில் ஸ்பீக்கரை வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, இதையா பிடித்துக்கொண்டு இத்தனை நாள் இருந்தேன் என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவள் கோபப்படவில்லை. டம்ளரைச் சுழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஒருநாள் அந்த நாற்காலில அவர் இருக்க மாட்டார் அண்ணி. அன்னிக்கும் வகுப்பு இருக்கும். பிள்ளைங்க வந்து நிக்கும். அப்ப நான் பாட்டைப் போட்டுட்டு அந்தப் பக்கம் பார்த்தேன்னா, அங்கேயே உடைஞ்சு போயிடுவேன். அதான் இப்பவே பழகிக்கறேன். வாரத்துல ஒரு நாள். அவர் இருக்கும்போதே. வீட்டுக்குப் போனா அவர் இருப்பாருங்கற தைரியத்துல."

அதனாலதான் நாற்காலிலயே வெச்சியா என்று கேட்டேன்.

தலையசைத்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பிடிக்கவில்லை. டீயை வாங்கிப்போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்து கொடுத்தேன். குடித்தாள்.

இதை அவனிடம் சொன்னாயா என்றேன். எப்படிச் சொல்வது, நீங்க போறதுக்குப் பழகிக்கறேன்னா என்றாள். நான் சொல்லட்டுமா என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சொல்லுங்க என்றாள்.


மார்ச் 29, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு, பிசியோதெரபி முடிந்து அவன் வெளியே வரும்போது பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அப்படியே சொன்னேன். அவள் சொன்ன வார்த்தைகளிலேயே.

கேட்டு முடித்து ரொம்ப நேரம் எதிரே நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "அந்தப் பாட்டு ரொம்ப மட்டமான பாட்டுக்கா" என்றான். "அந்த டிரம் அடிக்கறவனுக்குத் தாளமே நிக்கல. அதுக்கு ஆடினா பிள்ளைங்க கால் கெட்டுப்போகும்."

அழுகிறானா சிரிக்கிறானா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பஸ் வந்தபோது சொன்னான். "பழகிக்கட்டும். ஆனா என் பாட்டுக்கே பழகிக்கட்டும். எல்லாத்தையும் வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுத்துடறேன். அந்த வில்லையையே வாங்கு. மூடறது வேணாம்."


ஏப்ரல் 9, ஞாயிறு

இன்று பொருத்தினோம். முதுகு விட்டுப்போயிற்று, ஆனால் எழுதாமல் தூங்கக் கூடாது.

கடையிலேயே செய்து தருவதாகத்தான் சொன்னார்கள். தம்பிதான் வேண்டாம் என்றான். வேறு யார் கிதாரென்றாலும் அவனே பிரித்துப் பொருத்தியிருப்பான், அத்தனையும் அவனுக்குத் தெரியும். இப்போது திருப்புளி பிடிக்க முடியவில்லை. அக்கா செய்யட்டும், காது மிஷினுக்கு வார்க்கிற அச்சில் ஊசி மாதிரித் துளை போடுகிறவள், இதுவா பெரிசு என்றான். நான் வேலை செய்வது ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும். தப்பானால் இன்னொன்று வார்க்கலாம். இது அவன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வாசிக்கிற கிதார். இதை எங்கே வார்ப்பது?

சாப்பாட்டு மேசைமேல் போர்வை விரித்துக் கிதாரைப் படுக்க வைத்தோம். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினேன். கம்பி இல்லாத கிதாரைப் பார்க்கச் சகிக்கவில்லை, பல்செட்டைக் கழற்றின வாய் மாதிரி. அதைச் சொன்னேன். உனக்கு எப்பவும் ஆஸ்பத்திரி நினைப்புதான் என்றான்.

காதுக்குள் பார்க்கிற சின்ன டார்ச்சைக் கொண்டுபோயிருந்தேன். வட்ட ஓட்டை வழியாக அதையும் ஒரு கைக்கண்ணாடியையும் விட்டுப் பார்த்தேன். உள்ளே தூசி, குறுக்குச் சட்டங்கள், அதில் ஒரு மூலையில் ஒரு பிள்ளையின் தலைக் கிளிப், மஞ்சள் பூப்போட்டது. எந்த வருஷத்துப் பிள்ளையோ. இதுதான் இத்தனை நாள் கடகடன்னு ஆடிச்சா என்று கேட்டு, தம்பி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

வில்லைகளை ஒட்டுவது என் வேலை, சொல்வது அவன் வேலை. ஆண்கள் கை அந்த ஓட்டையில் மணிக்கட்டோடு நின்றுவிடும். என் கை முழங்கை வரை போனது. ஒட்டும் இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னும் உள்ளே, இல்லக்கா, கம்பி மாட்டுற ஓட்டைங்க தட்டுப்படும் பாரு, அதுக்கு முன்னாடி, அங்கதான், அமுக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் குரல் முழுக்க வேறு மாதிரி இருந்தது. டாக்டரிடம் போக ஆரம்பித்ததற்கு முன் இருந்த குரல்.

இரண்டு சரியாக உட்கார்ந்தன. மூன்றாவதை அழுத்தும்போது என் கை வழுக்கித் தடித்த கம்பிகள் பக்கமாக நகர்ந்துவிட்டது. பசை அந்த நொடியிலேயே பிடித்துக்கொண்டது. பெயர்த்தால் மரம் பெயரும். நான் கையை வெளியே எடுக்காமலேயே உட்கார்ந்திருந்தேன்.

என்னக்கா என்றான். சொன்னேன்.

"அந்தப் பக்கம்தானே கட்டைவிரல் தட்டுது? அது கூடக் கேக்கட்டும். அதுக்குத்தானே பலமில்ல."

சமாதானத்துக்குச் சொன்னானோ என்னவோ. ஆனால் பிறகு கேட்டபோது அதுதான் உண்மையாக இருந்தது.

ஓட்டை போடுவதுதான் கஷ்டமாக இருந்தது. தோள்வார் மாட்டுகிற குமிழ் பின்பக்கத்தில் இருக்கும். அதைப் பிடுங்கி, அந்தத் துளையை ஒயர் செருகும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். சுற்றிலும் காகித டேப் ஒட்டினேன். கூம்பு மாதிரி இருக்கும் கருவியைத் துளையில் வைத்துக் கையால் திருக வேண்டும். தம்பி இரண்டு முழங்காலுக்கு நடுவில் கிதாரை இடுக்கிக்கொண்டான், கையால் பிடித்தால் நழுவுகிறது. டீச்சர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் திருகலில் மரம் முனகியதும் உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் வந்தது. கழுவ ஒன்றும் இல்லை, நானே கழுவி வைத்திருந்தேன்.

இளஞ்சிவப்புத் தூள் அவன் முழங்கால்மேல் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு இடத்தில் நிறுத்திவிட்டேன். இனிமே மூட முடியாதுடா என்றேன். மூடறதுக்கா போடறோம் என்றான்.

கம்பி ஏற்றி, ஒயர் செருகி, ஸ்பீக்கரைத் திறந்தோம். அவன் கிதாரை மடியில் வைத்தான். சட்டை உரசுகிற சத்தம். மூச்சு. சமையலறையில் குழாய் நின்றது.

ஒரு பாட்டு முழுக்க வாசித்தான். விரல் தேடியது, வழுக்கியது, எல்லாம் கேட்டது. டீச்சர் ஈரக் கையோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். ஸ்பீக்கர் பக்கத்தில், அதில் காதை வைக்கிற மாதிரி.


ஏப்ரல் 16

பதிவு ஆரம்பித்தாயிற்று. கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்குகிற உத்தியோகம் எனக்கு. மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். பக்கத்து வீட்டு நாய்க்கு மட்டும் இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. இன்று மூன்று பாட்டு முடிந்தது. வேர்த்துக் கொட்டியது, ஆனால் விசிறியைப் போடவிட மாட்டேன் என்கிறான்.


ஏப்ரல் 30

ஒன்று.


மே 7

ஒன்றும் இல்லை. உட்கார்ந்தான், தொட்டான், இன்னிக்கு வேணாம்க்கா என்றான். மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டு பழைய பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். யார் எங்கே படிக்கிறார்கள், யாருக்குக் கல்யாணம் ஆயிற்று என்று. நல்ல நாள்தான்.


மே 20, சனி

ஆண்டு நிகழ்ச்சி. முதல் ஆட்டத்துக்கு மட்டும் அவன் மேடையோரம் உட்கார்ந்து வாசித்தான். மற்றதெல்லாம் பதிவு. சபையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பின்வரிசை வரைக்கும் கேட்டது. கை தட்டினார்கள். பிள்ளைகளுக்குத்தான் தட்டினார்கள், அதுதான் முறை.

டீச்சர் ஒரு தடவைகூட வாயால் தாளம் சொல்லவில்லை.

காரில் வரும்போது அவன் கை என் மடியில் கிடந்தது. அவனாக வைக்கவில்லை, வண்டி திரும்பும்போது விழுந்தது. எடுத்துக்கொள்ளவும் இல்லை. இவ்வளவு லேசாக இருக்கிறது.


ஜூன் 11

கடைசிப் பாட்டையும் பதிவு செய்தோம். கடைசி என்று யாரும் சொல்லவில்லை.


ஜூலை 2

கிதாரைச் சுவரில் மாட்டச் சொன்னான். கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில். ஆணி அடித்தேன். கோணல் என்றான். மறுபடி அடித்தேன்.


ஆகஸ்ட் 19

பேச்சு குழறுகிறது. எனக்கும் டீச்சருக்கும் புரிகிறது. மற்றவர்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று ஒரு வார்த்தையை நான் ஒரு மாதிரியும் அவள் ஒரு மாதிரியும் சொன்னோம். அவன் அவள் பக்கம் கண்ணைக் காட்டினான்.


செப்டம்பர் 24

ஆஸ்பத்திரி. மாற்றி மாற்றி இருக்கிறோம். இன்று நான்.


அக்டோபர் 5, வியாழன்

டீச்சர் போன் செய்தாள். எடுத்தேன். அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.


அக்டோபர் 12

வேலைக்குப் போனேன். காது அச்சு எடுக்க வந்த ஒரு பிள்ளையின் காதில் பஞ்சு வைக்கும்போது விரல் நின்றுவிட்டது. என்ன ஆன்ட்டி என்று கேட்டது. ஒண்ணுமில்லம்மா, அசையாம இரு என்றேன்.

இந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லையே. எனக்கு எதுக்கு இவ்வளவு நல்ல கை?


நவம்பர் 8

டீச்சர் வகுப்பைத் திறந்துவிட்டாளாம். சைக்கிள் கடைக்காரர் சொன்னார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. போக முடியவில்லை.


பிப்ரவரி 10, சனி

இன்று போனேன்.

அவள்தான் கூப்பிட்டாள். புதிதாகச் சின்னப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், ஒருத்தியாகச் சமாளிக்க முடியவில்லை, வரிசையாக நிற்க வைக்க ஒரு ஆள் வேணும் அண்ணி என்றாள். பொய்யாகத்தான் இருக்கும், அவள் நூறு பிள்ளைகளைச் சமாளிப்பாள். சரி என்றேன்.

ஜன்னலோரம் நாற்காலி இருந்தது. அதன்மேல் ஸ்பீக்கர். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு துணியை எடுத்துத் தூசி தட்டினேன்.

ஜூன் மாதம் கடைசியாகப் பதிவு செய்தோமே, அந்தப் பாட்டைத்தான் இன்று போட்டாள். அதன் நடுவில் ஒரு இடத்தில் அவன் கட்டைவிரல் வரவில்லை. மற்ற விரல்கள் நின்று காத்திருந்தன. தடித்த கம்பியில் விரல் தேடுகிற சத்தம் மட்டும் இருக்கும். அப்புறம்தான் தட்டு விழும். அன்று அந்த இடத்தை மட்டும் திருப்பி வாசிக்கப் பார்த்தான், முடியவில்லை. வெட்டி ஒட்டிவிடலாம் என்று நான் சொன்னதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டு அப்படியே இருக்கிறது.

ஆட்டம் ஆரம்பித்தது. அந்த இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாப் பிள்ளைகளும் வலது காலைத் தூக்கின. தூக்கிய காலோடு நின்றன. ஒன்றுகூட ஆடவில்லை, அசையவில்லை. அவர்களுக்கு அது தடுமாற்றம் இல்லை, பாட்டில் அப்படி ஒரு இடம், அவ்வளவுதான். பின்வரிசையில் புதிதாக வந்த குட்டி ஒன்று மட்டும் பொறுக்க முடியாமல் காலைக் கீழே வைக்கப் போனது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது.

டீச்சர் மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவசரப்படாத. அவர் வரட்டும்."

குட்டி காலை மறுபடி தூக்கிக்கொண்டது. ஸ்பீக்கரில் விரல் தேடுகிறது, வழுக்குகிறது. ஹால் முழுக்க ஒற்றைக் காலில் நிற்கிறது. அப்புறம் தட்டு விழுந்தது. எல்லாக் கால்களும் ஒன்றாக இறங்கின.

முடிந்ததும் பிள்ளைகளின் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தேன். டீச்சர் ஜன்னல்களைச் சாத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளா என்று நான் பார்க்கவில்லை. புதன்கிழமையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.